கல் முகத்துக்கு ஒரு கடப்பாரை

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில், நாம் சொல்லை எழுதுவோம்; அதன் பொருளைப் பல வருடம் அனுபவித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

ஏற்காட்டில் ஞாயிறு காலை என் வகுப்பு. மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் சரசு, எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் குழி வெட்டுகிறவர். முழங்கால் இனி அந்த வேலைக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை ஒரு விடுதியில் வரவேற்பு வேலைக்கு நேர்காணல் இருந்தது.

குழி

அதற்கு முந்தின ஞாயிறு எடுத்த சொல் 'ஸ்டோனி'. முதல் அர்த்தம், கல் நிறைந்த நிலம். போர்டில் ஒரு வயலும் அதில் இரண்டு கல்லும் வரைந்தேன். சரசு உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க சார், ரெண்டு கல்லுக்கே இந்தப் பேருங்களா? அப்ப எங்க எஸ்டேட்டு மேக்காட்டுக்கு என்னங்க பேரு?"

முகம்

இரண்டாவது அர்த்தம், இறுகிப்போன முகம். நடித்துக் காட்டினால் மனதில் நிற்கும் என்று அசையாமல் நின்றேன். வகுப்பும் அசையாமல் காத்திருந்தது. ஜீப் ஓட்டும் முருகேசன்தான் பொறுமை இழந்தார்.

"சார், நடிக்க எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

ஓரம்

வெள்ளிக்கிழமை மதியம் சரசு என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு மலைவாழை.

விடுதி மேனேஜரம்மாவின் முகம் நான் வகுப்பில் நின்ற மாதிரியே இருந்ததாம். மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தையும் சொல்லியாயிற்று. அந்த அம்மா தலைகூட அசைக்கவில்லை. எழுந்து வந்துவிடலாம் என்றிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டிருந்த காப்பிப் பழம் கண்ணில் பட்டிருக்கிறது. பரப்பாமல் குவியலாகக் கிடந்தது. இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். ஐந்தாவது வாக்கியத்தை அங்கேயே கட்டினார்: "மேடம், காபி டூ திக். டுமாரோ பேட் ஸ்மெல். ஐ ஸ்ப்ரெட்?"

மேடம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார். இரண்டு பேரும் வெளியே போய்ப் பழத்தைப் பரப்பினார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை.

அந்த நேரத்தில் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். வாழைப்பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"குழி வெட்டறப்ப கல்லு நடுவுல குத்துனா கடப்பாரைதானுங்க மழுங்கும். ஓரத்துல மண்ணப் பறிச்சு நெம்புனா, எவ்வளவு பெரிய கல்லும் அசஞ்சு குடுக்குமுங்க, சார்."

இத்தனை வருடமாக ஸ்டோனிக்கு இரண்டு அர்த்தமும் பிசகாமல் சொல்லிக்கொடுத்த எனக்கு, அதை எதிரே பார்த்தால் என்ன செய்வதென்று சொல்லித்தர ஒரு மாணவி வரவேண்டியிருந்தது.