முந்தின நாளே எழுதிய என் நிம்மதி

பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பில் ஒரு வழக்கம் உண்டு. விழா நாளை என்றால், அது நடந்து முடிந்ததுபோல இன்றே எழுதிவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் குறிப்பில் அவர் குத்துவிளக்கேற்றி, பேசி, கைதட்டலும் வாங்கியிருப்பார். அவர் பேச்சையும் நாங்களே எழுதுகிறோம். தாங்கள் என்ன சொன்னோம் என்பதைப் பல முதலாளிகள் மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில், வீட்டில் உட்கார்ந்தபடி பல வருடமாக நான் பார்க்கும் பிழைப்பு இது.

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோரின் போனில் காட்டும் ஆப் ஒன்றை எங்கள் பக்கத்து நிறுவனம் ஒன்று வெளியிட்டது. அதற்கும் நான்தான் எழுதினேன்.

"வெறும் ஆப்னா எவனும் பேப்பர்ல போட மாட்டான் மேடம். ஒரு அம்மா பேசணும். உங்க பொண்ணும் அந்த வேன்லதானே வர்றா? நீங்களே பேசிடுங்க" என்றார் அதன் முதலாளி.

இல்லாத தாய்மார்கள் சொன்னதாகவெல்லாம் எழுதிப் பழகியவள், எனக்கும் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டேன்: 'என் மகள் பத்திரமாக வீடு சேர்ந்ததைப் போனிலேயே பார்த்தேன். இனி எனக்குக் கவலையே இல்லை.' விழாவுக்கு முந்தின நாள் மதியமே அது எல்லாப் பத்திரிகைகளுக்கும் போய்விட்டது.

மறுநாள் மாலை, ஜி.எஸ்.டி. சாலை ஓட்டலில் விழா. வெளியே நல்ல மழை. திரையில் ஒரு பச்சைப் புள்ளி முடிச்சூரைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் வாசலில் நின்றது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் போனிலும் அதே புள்ளி, அதே வாசல். மகளிடம் பேசலாம் என்று, சாவி வைத்திருக்கும் எதிர் வீட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"பாப்பா எங்க வந்தா? வேனே வரலியே."

"வந்துட்டா அக்கா, போன்ல காட்டுது."

"நான் வாசல்ல குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். போன்ல காட்டுதாம்!"

முதலாளியிடம் ஓடினேன். வாயில் சமோசாவோடு அவர் குரலைத் தாழ்த்தினார்: "டென்ஷன் ஆகாதீங்க மேடம். விழால நெட் சொதப்பினா மானம் போயிடும். அதான் நேத்து ட்ரிப்பை ரெக்கார்ட் பண்ணி ஓட்டறோம். எல்லார் போன்லயும் அதுதான்."

நேற்றைய பயணம்! நான் நாளையை எழுதினேன், இவர் நேற்றைக் காட்டினார். இன்றைக்கு என் பெண் எங்கே என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேன் டிரைவரின் போன் அணைந்திருந்தது. முடிச்சூரில் மழை என்றால் வெள்ளம்தான் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முடிச்சூரா? ரோட்ல தண்ணி நிக்கிது மேடம், வண்டி போவாது" என்றார் ஆட்டோக்காரர்.

"என் பொண்ணு அங்க மாட்டிக்கிட்டா."

"இன்னா மேடம், இத்த மொதல்லயே சொல்றதில்ல? ஏறுங்க."

வேன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. எதிரே ஓர் அரிசிக்கடையின் மாடிப்படியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ஷூவைக் கையில் பிடித்தபடி என் மகளும் இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததில் அவளுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். "நாலு பேப்பர்ல வந்திருக்கு மேடம்! எல்லாத்துலயும் நீங்க சொன்னதுதான் ஹைலைட்!"

"வேன் தண்ணில நின்னது?"

"அது எப்படி நியூஸ் ஆகும்? யாருக்கும் ஒண்ணும் ஆகலியே."

போனை மேசைமேல் வைத்துவிட்டேன். அதற்குள் மகள் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கவலையே இல்லைன்னு எப்பம்மா சொன்ன?"

"முந்தாநாள்."

"அதானே பாத்தேன்" என்று, இன்னும் ஈரம் காயாத ஷூவை அவள் மாட்டிக்கொண்டாள். மேசைமேல் என் போனில் பச்சைப் புள்ளி எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.