மயிலுக்குப் பயம் கற்றுக்கொடுத்த இடம்

விராலிமலைப் பக்கம் மயில் முட்டையை யாரும் உடைக்க மாட்டோம். கடலைக் கொல்லையில் இறங்கி அவ்வளவையும் கிளறிப் போட்டாலும், மயிலை வாய் நிறையத் திட்டிவிட்டு, முருகனுக்கு வாகனமாயிற்றே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அதனால், களையெடுக்கும்போது வரப்போரம் மூன்று முட்டைகளைப் பார்த்து, தாய் மயில் இரண்டு நாளாகியும் திரும்பவில்லை என்றானதும், நான் அதிகம் யோசிக்கவில்லை. எடுத்துவந்து வீட்டு அடைக்கோழிக்கு வைத்துவிட்டேன். கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள் கணக்கு. மயிலுக்கு மேற்கொண்டு ஒரு வாரம். அந்தப் புண்ணியவதி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. ஒன்று மட்டும் பொரித்தது.

குஞ்சு கோழியின் பின்னாலேயே திரிந்தது. "பா… பா… பா" என்று நான் கூப்பிட்டால் கோழியை முந்திக்கொண்டு ஓடிவரும். மத்தியானம் கண்ணயர்ந்தேன் என்றால் முந்தானையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். தூக்கமும் விழிப்புமாய், அதன் சூட்டை வயிற்றோரம் உணர்ந்தபடி கிடப்பேன். கண் திறக்கும்போதெல்லாம் அதன் கழுத்தில் நீலம் கொஞ்சம் கூடியிருப்பதாகத் தோன்றும். அந்த மாதங்கள் நிஜமாகவே நடந்தனவா என்று இப்போதும் சந்தேகம் வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

நான் செய்த தப்பு, அது ரோட்டுக்குப் போன அன்றுதான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்து, நெடுஞ்சாலையின் நடுவில் நிதானமாக நடந்துபோனது. ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. மயில் அந்த லாரியையும் கிட்டே போய் விசாரித்துவிட்டு வந்தது. அன்றைக்கே வனத்துறைக்குப் போன் செய்தேன்.

வந்தவர் சத்தம் போடவில்லை. "வீட்ல வளக்கக் கூடாதுங்க, சட்டம் இருக்கு. அதவிட, மனுசனக் கண்டு பயப்படாத மயிலு காட்டுல ஒரு வாரம் தாங்காது" என்றார். மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். நானே ஜெயிலுக்கு அனுப்பிவிட்டேன் என்று அழுதேன்.

எட்டு மாதம் கழித்து அங்கிருந்து வரச் சொன்னார்கள். விடிந்தும் விடியாத பனியில், பார்வையாளர்கள் போகாத பக்கமாக அழைத்துப் போனார் பராமரிப்பாளர். மரங்களையே உள்ளே வைத்து வலை கட்டியிருந்தார்கள். பனிக்குள் ஏழெட்டு மயில்கள் மிதப்பதுபோல் நடந்தன. தீனி போடுகிறவர் முகம்கூடத் தெரியாமல் மறைப்புக்குப் பின்னாலிருந்துதான் போடுவார்களாம். மற்ற மயில்களைப் பார்த்து என் மயிலும் மரத்தில் அடையவும், நாய்ச் சத்தம் கேட்டால் பறக்கவும் பழகிவிட்டதாம்.

"இப்ப நாங்க யாரு கூப்பிட்டாலும் வாரதில்ல. கடைசியா நீங்க ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கணும்க்கா. வந்துச்சுன்னா ஆயுசுக்கும் இங்கதான். வரலன்னா காட்டுல விட்ரலாம்."

வராமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிடாதா என்றும் இருந்தது. "பா… பா…" என்று எனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டேன்.

"வீட்ல இப்படித்தான் கூப்பிடுவீங்களா?" என்று சிரித்தார் அவர். "நல்லாக் கூப்பிடுங்கக்கா. இங்க நாம ஏமாத்துனா, அங்கிட்டு அதுக்குத்தான் ஆபத்து."

அவர் சொன்னது நியாயம். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். பனிக்குள் ஒரு நீலக் கழுத்து நிமிர்ந்தது. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. சட்டென்று இறக்கையடித்து எழும்பி, வேப்பமரத்தின் உச்சிக் கிளைக்குப் போய்விட்டது. என்னைப் பார்த்துப் பயந்துவிட்டது.

"பாஸ்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். "அடுத்த வாரம் விட்ருவோம்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் நோட்டை மூடிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அது வரவில்லை.