போணி ஆகும்வரை

பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று என் ஊசிக்குக் கை நீட்டாத தெருவே கிடையாது. இத்தனை பேரில் நான் அசந்துபோய் நின்றது ஒரே ஒரு பெண்மணியிடம்தான். போன ஆடி வரை, ஆறு வருடம் அவர் வீட்டுக்குப் போயும் அவரிடம் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்ததில்லை.

உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டாவது மாடி. இசக்கியம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கணவர் சுயம்புலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஜவுளிக்கடையில் நாற்பது வருடம் சேலை காட்டியவர். ஏழு வருடமாக மறதி நோய். மனைவி யாரென்று தெரியாது, மகள் யாரென்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். சர்க்கரை இல்லை, உப்பு சரி, கொழுப்பு சரி. நகம் வெட்டி, முகம் மழித்து, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்திருப்பார், கை கொஞ்சம் கூடுதலாக நடுங்கும். ரத்தம் எடுக்கச் சொல்லி டாக்டர் தரும் சீட்டில் அவர் பெயர் ஒருநாளும் இருக்காது. எனக்கு அதுதான் எரிச்சல்.

காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் கடை திறந்துவிடும். இசக்கியம்மாள் கூடத்தில் பாய் விரித்து, பீரோவிலிருந்து தன் சேலைகள் இருபத்திரண்டையும் எடுத்துக் கணவர் முன்னால் அடுக்குவார். பிறகு வெளியே போய், வாடிக்கையாளராகத் திரும்பி வருவார். "வாங்கக்கா, உக்காருங்க" என்பார் சுயம்புலிங்கம். ஒவ்வொன்றாக உதறி விரிப்பார். அந்த அம்மா விலை கேட்க வேண்டும், கரை சின்னது என்று குறை சொல்ல வேண்டும், கடைசியில் ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் போணி, அன்றைய முதல் வியாபாரம். முதலில் வந்தவர் வெறுங்கையோடு எழுந்து போனால் கடைக்காரருக்கு நாளே பாழ். எல்லாம் மறந்தவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. இதை எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. கடைக்குப் போகணும் என்று வாசலுக்கு ஓடி, தடுத்தால் கை ஓங்கிக்கொண்டிருந்த மனிதரை, இந்த அம்மாவே யோசித்து இப்படி உட்காரவைத்திருந்தார். தூக்க மாத்திரைகூட நின்றுபோனது.

ஆனால் முதல் வருடம் கால் மணி நேரத்தில் முடிந்த போணி, போகப் போக இரண்டு மணி நேரமாகிவிட்டது. காட்டிய சேலையையே திரும்பத் திரும்பக் காட்டுவார்.

போன ஆடி மாதம் ஒருநாள் போணிக்கு நடுவிலேயே அவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் இசக்கியம்மாள் முகமெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. நான் பையைத் துழாவுவதற்குள் சுயம்புலிங்கம் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். தனக்கென்று வைத்திருந்த, சர்க்கரை தூக்கலாகப் போட்ட பாலை எடுத்து மனைவியின் வாயருகில் பிடித்தார்.

"குடிங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க. சேல எங்கயும் போவாது."

பால் உள்ளே போனபிறகு அந்த அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தேன். அப்போதும் சர்க்கரை ஐம்பத்திரண்டுதான் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, முகம் தெளிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா இது? உங்களுக்கு சுகர் கீதுன்னு ஏன் சொல்லல? காலைல இன்னா சாப்ட்டீங்க?"

"ஆறு மணிக்கு சுகர் மாத்திர போட்டேன். போணி ஆனப்புறம் இட்லி திம்பேன்."

"மணி ஒம்போது ஆவுது."

"நடுவுல எந்திச்சா அவுக அன்னைக்குப் பூரா ஒரு வாய் சாப்பிட மாட்டாவ, ஜெயஸ்ரீ. நான் என்ன செய்ய?"

"நீங்க வுழுந்துட்டா இவர யாரு பாத்துக்குவா?"

அன்றே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார். அந்த அம்மா அழுதது தன் உடம்பை நினைத்து அல்ல, நாலு நாள் போணி யார் செய்வது என்று.

மகள் ஸ்வர்ணலதா கோவையிலிருந்து வந்தாள். முதல் நாளே அவசரத்தில் முதல் சேலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "விலையே கேக்காம எடுக்கறவங்க சாயங்காலம் மாத்த வருவாங்க" என்று அவர் சேலையைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் பட்டினி. மறுநாள் நானே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். நான் ராயப்பேட்டைக்காரி, பேரம் பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அரக்குச் சேலை ஒன்று தனியாக மடித்து இருந்தது.

"அத்தக் காட்டுங்க அண்ணாச்சி."

"அது விக்கறதுக்கு இல்லம்மா. தெனமும் காலைல ஒரு அக்கா வருவாங்க. இப்பக் காணோம். ஒடம்புக்கு முடியல போல. அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

மனைவி என்று தெரியாத மனிதருக்கு, அவர் வராதது மட்டும் தெரிந்திருக்கிறது. நான் ஒரு நீலச் சேலையை எடுத்துப் போணி செய்தேன். அவர் நாலு இட்லி சாப்பிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால், இசக்கியம்மாள் கஞ்சியைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பீரோவுல கெடக்கது அம்புட்டும் கடையில விக்காம மிஞ்சுன சேல. தீவாளிக்குத் தீவாளி அதத்தான் கொண்டாருவாவ. எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சதே இல்ல" என்றார்.

பிறகு கஞ்சிக் கிண்ணத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முழுதும் சாப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டே வாரேன். அந்தக்கா நல்லாச் சாப்பிட்டுட்டு வருவாங்கன்னு அவுககிட்ட சொல்லிரு."