அஸருக்குள் இறங்குவேன்

காலை ஐந்து நாற்பது. வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு. எங்கள் மாம்புரியில் தலையை உயர்த்திப் பார்க்க அதுவும் காற்றாடிக் கோபுரங்களும்தான் உண்டு. மற்றதெல்லாம் மணல், தென்னை, கடல். இரண்டு கிழமைக்கு மேல் அந்தத் தட்டையைப் பார்த்தால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. கதிரையை மாற்றிப் போடுவேன், துடைத்த கமராவை மறுபடி துடைப்பேன், பிறகு பையைக் கட்டுவேன்.

அன்றும் தனியாகத்தான் புறப்பட்டேன். குருநாகல், கண்டி, அங்கிருந்து நக்கிள்ஸ் மலை. எடுக்கும் படங்களை வட்ஸ்அப் குழுவொன்றில் போடுவேன். மலையைக் கிட்டப் போய்ப் பார்த்திராத எங்கள் ஊர்க்காரர்தான் அதில் அதிகம்.

நான் இருப்பது என் மூத்த சகோதரர், நானாவின் வீட்டில். நானாவுக்கு ஒரு வள்ளம் உண்டு. எப்ப இறங்குவீங்க என்று மதினி கேட்டார். நாளைக்கு அஸருக்குள் இறங்கிப் போனில் கதைக்கிறேன் என்றேன்.

எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர் எந்தத் தொழுகைக்குள் கரையேறுவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் ஆள் வராவிட்டால் மற்ற வள்ளங்கள் தேடிப் போகும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நேரத்தைப் பிழையாகச் சொல்கிற வீட்டுக்காக ஆட்கள் மெதுவாகத்தான் எழும்புவார்கள். மலைக்கும் அந்தக் கணக்கைப் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அஸர் என்று நான் சொன்னது பின்னேரம் என்ற அளவில்தான்.

மறுநாள் அஸருக்கு நான் மேட்டில் இருந்தேன். எதிர்ச் சிகரத்தை மூடிய முகில் விலகவில்லை. போனில் சார்ஜ் நாலு வீதம். நாலு மணி, நாலரை, ஐந்து. உட்கார்ந்த கல்லை மூன்று தரம் மாற்றினேன். ஐந்து முப்பத்தைந்துக்குச் சிகரம் தெரிந்தது. கமராவிலிருந்து போனுக்கு எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டாவது படம் போனதும் போன் அணைந்தது.

இருட்டுவதற்குள் எட்ட முடிந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயம் ஒன்றைத்தான். அங்கே கரண்ட் இல்லை. வீட்டுக்காரரின் போனைக் கேட்டிருக்கலாம். நான் அடுத்த நாள் வெளிச்சத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலை ஏழு பத்துக்கு வீதிக்கு வந்தபோது ஒரு வேன் நின்றது. நானாவும் இன்னும் இரண்டு வள்ளக்காரரும் சாரனோடு, துவாயைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரின் தோளில் நங்கூரக் கயிறு. முதல் நாள் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் மாம்புரியிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறார்கள். நான் ஏறுகிற இடத்தின் பெயரை மதினி சொல்லியிருக்கிறார். கயிறு வைத்திருந்தவர் எங்கள் குழுவில் இருப்பவர். வழியில்தான் அவர் போனைத் திறந்து என் படங்களைப் பார்த்திருக்கிறார். அனுப்பிய பிறகு ஏதும் நடந்திருக்கலாம் என்று நானா வேனைத் திருப்ப விடவில்லை.

நானா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"படம் அனுப்ப சார்ஜ் இருந்திருக்கு," என்றார். "அஸர் எண்டு சொன்னது நீதானே?"

"ஓம்."

கயிற்றோடு நின்றவர், படம் நல்லாத்தான் இருக்கு என்றார். நானா வேனில் ஏறினார். திரும்பி வரும்போது நான் பின்கண்ணாடியால் மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என்னைத் தேடி வந்ததில், மீன்படும் காலத்தில் மூன்று வள்ளங்கள் இரண்டு நாள் கரையில் கிடந்தன. அடுத்த கிழமை நானா நடுப்பகல் லுஹருக்குள் வருவதாகச் சொல்லி வள்ளத்தைத் தள்ளியபோது பக்கத்து வள்ளக்காரர் கேட்டார்:

"நானா, இது கடல் லுஹரா, மலை லுஹரா?"

கரை சிரித்தது. நானா சிரிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், லுஹருக்குள் வருவதாகச் சொல்லிப் போன நானாவின் இஞ்சின் கடலில் நின்றுபோனது. மூன்று இருபத்தெட்டுக்கு அஸர் பாங்கு சொன்னது. வள்ளங்கள் கிடந்த இடத்தில் கிடந்தன. இன்னும் கொஞ்சம் பார்ப்பம் என்றார்கள். ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டேன்.

"உங்கட வீட்டுல சொன்ன நேரத்துக்கு வாறல்லயே, தம்பி," என்றார் ஒருவர், கோபமில்லாமல்.

முதல் வள்ளம் நாலு பத்துக்குப் போனது. மஃரிபுக்கு முன் நானாவின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

மூன்றாம் நாள் நான் பையைக் கட்டினேன். மதினி பாணும் சம்பலும் சுற்றித் தந்தார். எப்போது இறங்குவேன் என்று கேட்கவில்லை.