ஏற்றத்தில் நிற்காத வண்டி

காக்ஸ் டவுன் வட்டாரத்தில் கார் ஓட்டக் கற்ற பெண்களில் பாதிப்பேர் உஷாவிடம் திட்டு வாங்கியவர்கள். பதினான்கு வருடம் ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் இடப்பக்கத்து சீட்டிலேயே காலம் தள்ளியவள் அவள். அவளிடம் கற்று லைசென்ஸ் வாங்காமல் போனவர்கள் யாருமில்லை. ஆனால் வாங்கிய லைசென்ஸைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற பெண்கள்தான் எத்தனை பேர்! அதை நினைத்தாலே உஷாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் வேலையை விட்டாள். அந்தப் பெண்களைத் தேடிப் பிடித்து, தன் சொந்தக் காரில் உட்காரவைத்துப் பயம் தெளியவைப்பது என்று முடிவு. கையிலிருந்தது ஒரே ஒரு சின்ன காருக்குத்தான் காணும். தப்பான வண்டியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டால் பழைய முதலாளி முன்னால்தான் போய் நிற்க வேண்டும். "ரெண்டு மாசத்துல திரும்பி வருவே பாரு" என்று அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் ஷோரூமுக்குக் கணவனைக் கூட்டிப்போகவில்லை. நோரா மிஸ்ஸைக் கூட்டிப்போனாள். நோரா, சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருடம் முன்பு உஷாவிடம் கற்று லைசென்ஸ் வாங்கியவர். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

சேல்ஸ்மேன் வெங்கி இரண்டு கார்களைக் காட்டினான். "நோடி மேடம், இங்க பாருங்க, இந்த நீலம். மைலேஜ்ல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. அந்த வெள்ளை கொஞ்சம் பழைய மாடல், லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கம்மி. சார் வந்தா ஒரு ரவுண்டு போயிடலாம்."

"சார் ஆபீஸ்ல இருக்காரு. ஓட்டப்போறது இவங்க" என்று உஷா நோராவைக் காட்டினாள்.

நோராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ உஷா, துணைக்கு வான்னுதானே கூப்பிட்டே?"

"துணைக்குத்தான் மிஸ். ஏறுங்க."

வெங்கி லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல் பின்சீட்டில் ஏறினான். உஷா வேண்டுமென்றே ஜீவனஹள்ளியின் குறுகலான ஏற்றத்துக்கு வழி சொன்னாள். நீலக் கார் பாதி ஏற்றத்தில் குலுங்கி நின்றது. கிளப்பினால் மறுபடி நின்றது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நான்காவது முறை நின்றதும் நோரா அழுதேவிட்டார். "போதும் உஷா. இது எனக்கு வராது."

உஷாவுக்கும் உள்ளூரப் பயம்தான். இவரையே ஓட்டவைக்க முடியாவிட்டால் எந்த முகத்தோடு மற்றவர்களைக் கூப்பிடுவது? ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை. "உங்க தப்பு இல்ல மிஸ். இந்த கிளட்ச் கடைசியிலதான் பிடிக்குது. இன்னொண்ணையும் பார்த்துடுவோம்." சீட் மாறி உட்கார்ந்து தானே ஷோரூமுக்கு ஓட்டி வந்தாள்.

"பேடா மேடம், வேணாம்" என்று வெங்கி கையெடுத்துக் கும்பிட்டான். உஷா காதில் வாங்கவில்லை. வெள்ளைக் காரில் அதே ஏற்றம். நோரா பல்லைக் கடித்துக்கொண்டு காலை மெல்ல எடுத்தார். கார் முனகாமல் ஏறியது. நடுவில் தண்ணீர் லாரிக்காக நிறுத்தி எடுத்தபோதும் அணையவில்லை.

ஷோரூம் வந்தது. நோரா நிறுத்தவில்லை.

"மேடம், ஷோரூம் போயிடுச்சு!" என்று வெங்கி அலறினான்.

"தெரியும்பா. எங்க ஸ்கூல் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்றார் நோரா.

உஷா பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்த வெள்ளையை என் பேருக்கு எழுதிக்கோ."

"மைலேஜ் கம்மி மேடம், யோசிங்க."

"மைலேஜெல்லாம் ஓடுற வண்டிக்குத்தான்ப்பா. அந்த நீலம் நாலு தடவை நின்னுச்சே, அதுக்கு என்ன மைலேஜ்?"

சிக்னலில் நோராவே கேட்டார்: "திங்கட்கிழமை எனக்கு எத்தனை மணிக்கு கிளாஸ்?"

"இனி உங்களுக்கு எதுக்கு மிஸ் கிளாஸ்?"

"அப்போ உன் பொழைப்பு?" பச்சை விழுந்தது. நோரா கியரைப் போட்டார். "எங்க ஸ்டாஃப் ரூம்லயே ஏழு பேர் லைசென்ஸைப் பூட்டி வெச்சிருக்காளுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து ஒவ்வொருத்தியா நானே உன் வண்டியில ஏத்திட்டு வர்றேன்."