ஆறு சென்ட்டுக்கு ஒரு கல்

களை பிடுங்கும் பெண்கள் வருவதற்கு அரை மணி முன்பே தானியேல் வயலுக்கு வந்துவிடுகிறார். வந்ததும் வரப்பின் மேல் கிடக்கும் ஒரு கருங்கல்லைக் காலால் தொட்டுப் பார்க்கிறார். அடியில் நண்டு வளை தோண்டிக் கல் சாய்ந்திருந்தால் நிமிர்த்தி வைக்கிறார். அப்புறம்தான் மண்வெட்டியோடு மடைக்குப் போகிறார். வயல் முத்துகிருஷ்ணனுடையது. தானியேல் அதில் நாள் கூலி. போன வருஷம் ஆனி மாதம் வரைக்கும் வயல் தானியேலுடையது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையோரம், ஏரிப் பாசனத்தின் கடைசி மடையில் அறுபது சென்ட். அதை வாங்க அவரும் மனைவி மேரியும் சாலை காண்ட்ராக்டரிடம் ஆறு வருஷம் சல்லி உடைத்திருக்கிறார்கள். இடது கைச் சுட்டுவிரலில் அவருக்கு நகம் இல்லை. கேட்டால், "சுத்தி துன்னுட்ச்சி" என்கிறார்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி. கேள்வி கேட்டால் ஒரு பீடி எரிந்து முடியும் அளவுக்கு யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். ஏகாம்பரத்தின் டீக்கடையில் காசைப் பலகை மேல் வைத்த பிறகே டம்ளரைத் தொடுவார்.

"டீ நல்லா இல்லன்னா இன்னா பண்ணுவே?" என்று ஏகாம்பரம் சீண்டுகிறார்.

"துப்பிட்டுப் பூடுவேன். பாக்கி மட்டும் வாணாம்."

பாக்கி என்ற சொல்லை அவர் ஒன்பது வயதில் கற்றுக்கொண்டார். அக்கா கல்யாணத்துக்காக அவருடைய அப்பா ஊர் ஆண்டையிடம் நாற்பது ரூபாய் வாங்கினார். ஈடாகப் பையன் படியாளாக மாடு மேய்க்கப் போனான். "வருசத்துக்கு நாலு ரூபா கயிச்சிக்கிறேன்னாரு. பத்து வருசத்துல தீந்துடும்னாரு" என்று தானியேல் சொல்கிறார். வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்களாம். ஜுரத்தில் படுத்த நாள்கள், செத்துப்போன கன்று, பொங்கலுக்குக் கொடுத்த வேட்டி எல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஏறும். "பதினேழு வருசம் ஆச்சி. கடன் தீர்ல. ஆண்டை செத்தாரு, நான் வெளிய வந்தேன்."

தானியேலின் தெருவில் முதலில் பட்டம் வாங்கியது இவருடைய மகன் சாமுவேல். இனாமாகக் கிடைக்கும் உதவித்தொகை எதுவும் இவர்கள் கைக்கு எட்டவில்லை. அரசாங்கம் கடனாகத் தரும் உதவித்தொகைதான் கிடைத்தது. அதை வைத்து பி.ஏ., பி.டி. இரண்டும் முடித்து, அறுபத்தேழில் பெருநகரில் வாத்தியார் ஆனார். ஒரு வருஷம் கழித்து, கடனை எப்படித் திருப்புவதாக உத்தேசம் என்று கேட்டுச் சென்னையிலிருந்து பழுப்பு உறையில் கடிதம் வந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஒரு சனிக்கிழமை சாமுவேல் அதைச் சந்தோஷமாகத்தான் படித்துக் காட்டியிருக்கிறார்.

"மாசா மாசம் சம்பளத்துலேர்ந்து கட்டலாம் நைனா. இல்லாங்காட்டி, கட்டவே வாணாம். வாத்தியாரா கீறவங்களுக்கு வருசத்துக்குப் பத்துல ஒரு பங்கு கழிச்சிடுவாங்க. பத்து வருசத்துல ஒண்ணும் இருக்காது."

"யாரு கயிப்பாங்க?"

"கவர்மெண்ட்டு."

"நீ வேல செய்வே. அவங்க கயிப்பாங்க."

"ஆமா நைனா."

தானியேல் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மகன் திங்கட்கிழமை பஸ் ஏறிய பிறகு பக்கத்து வயல்காரர் முத்துகிருஷ்ணனைப் போய்ப் பார்த்தார். புதன்கிழமை உத்திரமேரூர் ரிஜிஸ்தர் ஆபீசில் அறுபது சென்ட்டும் கடன் தொகைக்கே கை மாறியது. வியாழக்கிழமை பணத்தை மடியில் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் கஜானாவுக்குப் போனார்.

கஜானா வாசலில் மனு எழுதும் முனிரத்தினம் சலான் எழுத உட்கார்ந்து, கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"பையன் வாத்தியாருன்னு போட்டுக்கீது. இன்னாத்துக்குய்யா கட்றே? தன்னால கயிஞ்சிடும்."

"நீ எழுது."

"பேஜார் பண்ணாத, சொல்றதக் கேளுய்யா. நெலத்த வித்துட்டு வந்து கீறே."

"எழுதறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

முனிரத்தினம் எழுதிக் கொடுத்தார். மனசு கேட்காமல் எழுத்துக்கூலி வேண்டாம் என்றார். தானியேல் நாலணாவைப் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த சாமுவேலிடம் ரசீதை நீட்டினார். "எம்புள்ள யாருக்கும் படியாள் இல்ல. நாளைக்கே இந்த வேல வாணாம்னு தோணுதா, உட்டுட்டு வா. எவனும் இன்னான்னு கேக்க முடியாது." சாமுவேல் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்கிறார் மேரி.

தீபாவளிக்குப் பிறகு இன்னொரு கடிதம் வந்தது. அது சாமுவேலுக்கு வந்ததல்ல. அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வரதனுக்கு வந்தது. அவரும் அதே கடனில் படித்தவர், காசு கட்டாமல் இருந்தவர். முதல் வருஷத்துக்கான பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று அதில் இருந்தது. பேச்சுவாக்கில் சாமுவேல் வாய்தவறிச் சொல்லிவிட, அந்தக் காகிதத்தை இரவல் வாங்கி வரச் சொன்னார் தானியேல். இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மெய்யாலுமே கயிச்சிட்டான் சார்" என்கிறார் என்னிடம். சொல்லும்போது மடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சொன்னபடியே செஞ்சிட்டான். அப்படிச் செய்யறவன் ஒருத்தன் கீறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் விடியலில் வரப்பைத் தப்படியால் அளந்தார். நீளவாக்கில் நூறு தப்படி. பத்துத் தப்படி தள்ளி ஒரு கல்லை வைத்தார். காசு கட்டாமல் இருந்திருந்தால் அந்த ஒரு வருஷத்தில் கடனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு சென்ட்டின் விலை, சும்மாவே கழிந்திருக்கும் என்பது கணக்கு. அன்றிலிருந்து கல் அங்கேயே இருக்கிறது.

"கல்ல நவுத்தினா நெலம் வந்துடுமா? வந்துடும்னா சொல்லு, நானே தூக்கிக்கினு போயி அந்தக் கோடில வெக்கிறேன்" என்பார் மேரி. முத்துகிருஷ்ணன் சிரிக்கிறார். "ரெண்டு வாட்டி கால்ல இடிச்சிக்கினேன். ஒரு கல்லுக்கு நான் இன்னா வாடகையா கேக்க முடியும்? கெடக்கட்டும்."

இந்த மே மாதம் சாமுவேலுக்குச் சென்னையில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. சம்பளம் கொஞ்சம் அதிகம். சேர வேண்டிய நாளும் பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் ஒரே திங்கட்கிழமை. வாத்தியார் வேலையை விட்டால் தள்ளுபடியும் நின்றுபோகும் என்பது தானியேலுக்கு இப்போது மனப்பாடம்.

"பட்டணம் பூட்டான்னா நான் கட்டினது சரி. கல்லத் தூக்கி ஏரில கடாசிடுவேன். பள்ளிக்கூடத்துக்கே போனான்னா நவுத்தணும்."

எங்கே போகப் போகிறான் என்று மகனைக் கேட்டீர்களா என்றேன். பீடி முக்கால்வாசி எரிந்தது.

"கேக்க மாட்டேன். யாரும் கேக்கக் கூடாதுன்னுதான கட்டினேன்?"

அந்தத் திங்கட்கிழமை காலை நானும் வயலில் இருந்தேன். சொர்ணவாரிப் பட்டத்து நெற்பயிர் முழங்கால் உயரம் நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாமுவேல் வரப்பு மேல் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, அதில் நோட்டுப் புத்தகங்கள். கல்லருகே வந்ததும் குனிந்து பார்த்துத் தாண்டினார்.

"நைனா, பெருநகர் பஸ் வர்ற நேரமாச்சி."

தானியேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "நாஷ்டா துன்னியா?"

"துன்னேன்."

"கொடை?"

"கீது நைனா."

சாமுவேல் ரோட்டு மேல் ஏறி, காலைத் தட்டிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ் வந்தது. அவர் ஏறியதும் மேற்கே பெருநகர் பக்கம் போய்ப் புளியமரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் அடங்கும்வரை தானியேல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லிடம் வந்தார். இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி பத்துத் தப்படி நடந்தார். கீழே வைத்தார். சாயாமல் இருக்கிறதா என்று காலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.