தாஷி பாடாத பாட்டு

2003இல், குரோய்டனில் அகதி மனுவுக்காக மாதாமாதம் கையெழுத்திடும் வரிசையில்தான் திபெத்தியனான தாஷி பழக்கமானான். பதற்றத்தில் நான் நகம் கடிப்பேன். அவன் தன் ஊர்க் காதல் பாட்டுகளைப் பாடுவான்.

ஒரு ஞாயிறு மோர்டனில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். "தம்பி, வடிவாச் சாப்பிடுங்கோ," என்றாள் மனைவி. தம்பி என்றால் என்னவென்று கேட்டான், சொன்னேன்.

சாப்பிட்டதும் பாடச் சொன்னேன். தலைகுனிந்தான். விடாமல் வற்புறுத்தினேன். எழுந்துபோய்ச் சப்பாத்தை மாட்டினான்.

"பாத்தீரே, எங்களை மதிக்கேல்லை!" என்று மனைவியிடம் கத்தினேன்.

வாசலில் திரும்பி, அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்கள் முன்னால் காதல் பாட்டுப் பாடக்கூடாது. அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டார்."

அடுத்த மாதம் வரிசையில் என்னை ஒட்டியே நின்றான். பாடவில்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தைவிடப் பெரிய மரியாதையை இந்த நாட்டில் எனக்கு யாரும் தந்ததில்லை.